ஐந்தும் ஒன்றும்

மார்ச் 4

காற்று. வகுப்பறை ஜன்னல் இடுக்கெல்லாம் மணல். பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்தார்கள். புவியியல் பாடத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு துணியைக் கொடுத்து மேசை துடைக்கச் சொன்னேன். அதுவும் புவியியல்தான். கிஸில்கும் பாலைவனம் இடம் மாறுவதைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் ஒட்டகங்களைக் கறந்துவிட்டு வந்த சப்பர்பெக், "சுரங்கத்து வாயை அடைக்கப்போறாங்களாம்," என்றார். ஜூனுக்குள் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்களாம். குளிர்காலத்தில் ஒரு ஒட்டகம் உள்ளே விழுந்து செத்தது அல்லவா, அதனால் மாவட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். "நல்லதாப் போச்சு. எங்க தாத்தாவை முழுங்கின வாய்," என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார் என் புருஷன்.

எனக்கு டீ இறங்கவில்லை. தாஷ்கெண்டில் நிலவியல் படித்தவள் நான். கல்யாணமாகி இந்த பெஸ்குதுக் ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குன்றை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மாவு பிசைகிறேன். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. முதல் வாரத்திலேயே இவர் கையடித்து வாங்கிக்கொண்ட சத்தியம். வீட்டு வாசலில் தங்கச் சுரங்கத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் படத்தில் சுரங்கம் காட்டுகிற ஒரே நிலவியல்காரி நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 9

என் மகள் அக்போத்தா, வேலை பார்க்கிற நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அம்மா, கத்தாம கேளு," என்று ஆரம்பித்தாள். கத்தாமல் கேட்கிற விஷயமா அது?

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறானாம். நல்லவனாம். சிரிக்க வைக்கிறானாம். எங்கள் முறைப்படி ஏழு தலைமுறைக்கு முன்னால் வரை சொந்தம் கிடையாதாம், எண்ணிப் பார்த்துவிட்டார்களாம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, "தோஸிம் மாமா பையன். பெக்சாத்," என்றாள்.

உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையாடி உனக்கு?

மார்ச் 10

சப்பர்பெக்கிடம் சொல்லவில்லை. ரொட்டி தீய்ந்துபோனது.

மார்ச் 11

ஊருக்கே தெரிந்த கதையை எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். எழுதினால்தான் எனக்குக் கோபம் அடங்கும்.

1938. சுரங்கத்தில் மேஸ்திரி சப்பர்பெக்கின் தாத்தா பைம்பெத். கறுப்புப் பலகைக் கல்லுக்குள் நரம்பு மாதிரி ஓடும் வெள்ளை குவார்ட்ஸ், அதில்தான் தங்கம். அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே மேற்கிலிருந்து கிழக்கே குடைந்து போனார்கள். ஒருநாள் நரம்பு நின்றுவிட்டது. மெலியவில்லை, தேயவில்லை, சட்டென்று இல்லாமல் போய்விட்டது. மேலிடம் நம்புமா? மேஸ்திரி மறைக்கிறான் என்று விசாரணைக்கு ஆள் வந்தது. வந்தவருக்கு நம் பாஷை தெரியாது. மொழிபெயர்க்க சிர் நதிப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபனைக் கூட்டி வந்திருந்தார்: குல்முராத். தோஸிமின் தாத்தா.

"தங்கம் எங்கே போச்சு?" என்று பல்லெல்லாம் கொட்டும்வரை அடித்துக் கேட்டார்களாம். பைம்பெத் சொன்னது இரண்டே வார்த்தை. குல்முராத் தன் காதால் கேட்டு மொழிபெயர்த்த இரண்டு வார்த்தை: "அல்த்தின் குதுக்தா." தங்கம் கிணற்றில்.

அவ்வளவுதான். ஊர்க் கிணறுகளில் எல்லாம் ஆளை இறக்கினார்கள். கிணறு சரியாமல் உள்ளே வட்டமாகப் பின்னியிருந்த உள்வேலி மரத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். ஒரு மூட்டையும் கிடைக்கவில்லை. பைம்பெத்தை லாரியில் ஏற்றினார்கள், அவர் திரும்பி வரவே இல்லை. அவருக்குக் கல்லறைகூட இல்லை. குல்முராத் இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நாங்கள் 'தங்கத்தைத் தின்ற வீடு'. எங்களுக்கு அவர்கள் 'காட்டிக்கொடுத்த வீடு'. கிணற்றுத் தண்ணீர் ஆட்டுக்குத்தான் ஆகும், குடிக்க இரண்டு தலைமுறையாக ஒரே தண்ணீர் லாரியில் தண்ணீர் பிடிக்கிறோம். லாரி ஓட்டுவதே தோஸிம்தான். சப்பர்பெக் குடத்தை நீட்டுவார், முகத்தை நீட்ட மாட்டார்.

என் பெண் கண் அந்த வீட்டின் மேலா விழ வேண்டும்?

மார்ச் 15

சொன்னேன். எகிறினார். நான் பயந்த அளவுக்கு இல்லை, அதைவிட ஜாஸ்தி. ஆட்டுத் தொட்டியை எட்டி உதைத்தார். "பூமியே பிளந்தாலும் அந்த வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்," என்றார்.

நானும் பதிலுக்கு எகிறத்தான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். பூமி பிளந்தால். பூமி பிளந்தால்!

அட மக்குப் பெண்ணே. நரம்பு தேயாமல் சட்டென்று நின்றது என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, படித்ததெல்லாம் எங்கே போனது? நரம்பு கத்தியால் வெட்டினாற்போல முடிந்தால் அங்கே பிளவு இருக்கிறது. பிளவுக்கு அந்தப் பக்கத்துப் பாறை நகர்ந்திருக்கிறது. கூடவே நரம்பின் மிச்சமும் நகர்ந்திருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. மலைதான் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டது.

இவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன் போல. "பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" என்றார். பிடித்திருக்கிறது.

மார்ச் 22

நவ்ரூஸ், எங்கள் புத்தாண்டு. வீடு வீடாகப் போய்க் கஞ்சி குடிக்காவிட்டால் பாவம். சப்பர்பெக் தோஸிம் வீட்டைத் தாண்டி நடந்தார். நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

ரைஹான், தோஸிமின் மனைவி, கிண்ணங்களை எடுத்து வைத்தாள். "மூணு, நாலு, அஞ்சு, அஞ்சும் ஒண்ணும், ஏழு..." ஆறு என்று சொல்ல மாட்டார்கள் அந்த வீட்டில். குல்முராத் தாத்தா ஆட்டை எண்ணும்போது அப்படித்தான் எண்ணுவாராம். அந்த வார்த்தை அவர் நாக்கில் வராதாம். பேரப்பிள்ளைகள் கேலியாக ஆரம்பித்து அதுவே பழக்கமாகிவிட்டது. 'அஞ்சும் ஒண்ணும் மணிக்கு வரேன்' என்று பெக்சாத் சொல்வதாக அக்போத்தா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கஞ்சி நன்றாக இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தோஸிம் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணி, புள்ளைங்க விஷயம் எனக்கும் தெரியும். என் மகன் ஆசைப்படுறான், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா எங்க தாத்தா பொய் சொன்னாருன்னு மட்டும் யாரும் எங்கிட்ட சொல்லக் கூடாது. கேட்டதைத்தான் சொன்னாரு. அல்த்தின் குதுக்தா. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

"எங்க தாத்தா திருடினார்னு நீங்க சொல்றதை மட்டும் நாங்க கேட்டுக்கணுமா தம்பி?"

"அதான் முடிச்சு," என்றார். கஞ்சியைக் குடித்தார். "அவுக்கத் தெரிஞ்சா நீங்களே அவுங்க. நீங்கதான் படிச்சவங்க."

"உங்க லாரில கயிறு இருக்கா? நல்ல விளக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டியப்போ தெரியும்."

"பேரு வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க, கலம்பிர் அண்ணி," என்றார். என் பெயருக்கு மிளகாய் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்கிற அதே ஜோக். ஆனாலும் சிரித்தேன்.

மார்ச் 31

போய்விட்டு வந்தேன்! செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும்.

சப்பர்பெக் ஒட்டகம் தேடி மேற்கே போயிருந்தார். தோஸிம் லாரியைச் சுரங்கத்து வாயில் நிறுத்தி, கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "விழுந்தா ரெண்டு பேருமா விழுவோம். காட்டிக்கொடுத்தான்னு சொல்ல முடியாது பாருங்க," என்றார்.

உள்ளே குளிர்ந்திருந்தது. சுவர் முழுக்கக் கறுப்புப் பலகைக் கல். ஆள் உயரத்துக்கு மேல் விளக்கு வைத்த மாடங்கள், அவற்றில் இன்னும் புகைக்கரி. வலது பக்கச் சுவரில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நரம்புதான். அவள் என்றே எழுத வருகிறது. ஓரிடத்தில் உள்ளங்கை அகலம், ஓரிடத்தில் முழங்கை நீளம். வெள்ளை, நடுவில் துருப் பிடித்த பொந்துகள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். பூண்டு வாசனை. கல்லில் பூண்டு நாறினால் ஆர்சனிக் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் குன்றுகளில் தங்கம் பெரும்பாலும் அதோடுதான் கூட்டு சேரும். தோஸிம் முகர்ந்து பார்த்துவிட்டு, "ரைஹான் சமையல்," என்றார்.

கடைசிச் சுவருக்கு வந்தோம். நான் நினைத்தது அப்படியே. ஒரு சாண் கனத்துக்குக் களிமண், பாறையை அரைத்து மாவாக்கின களிமண். அதன் பின்னால் மெழுகித் தேய்த்த மாதிரி வழவழப்பான பாறைச் சுவர். அதில் ஒரே திசையில் கோடு கோடாகக் கீறல்.

"இதை யாரு தேய்ச்சா?" என்றார் தோஸிம்.

"மலைதான். மலையும் மலையும் உரசிக்கிட்டுப் போச்சு."

அப்புறம்தான் அதைக் கவனித்தேன். சுவரைத் தொடுவதற்கு முன்னால், கடைசி இரண்டு அடியில், நரம்பு வளைகிறது. வடக்கே வளைகிறது. அந்தப் பக்கத்துப் பாறை நகரும்போது இவளையும் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருக்கிறது, அறுந்து போகும்வரை. அப்படியானால் மிச்சம் வடக்கேதான். 1938-இல் வந்தவர்கள் தெற்கே நீளமாகக் குடைந்திருக்கிறார்கள். வெறும் கறுப்புக் கல். பாவம், கூலியாட்கள்.

வெளியே வந்து ரொட்டியைப் பிட்டு நடுவில் வெண்ணெய் தடவி, குறுக்கே வெட்டி, ஒரு பாதியைத் தள்ளி வைத்துக் காட்டினேன். "இதோ பாருங்க தம்பி. வெண்ணெய் இங்க நின்னுபோச்சு. யாராவது திருடினாங்களா?" தோஸிம் குனிந்து ரொட்டியின் வெட்டில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப உங்க தாத்தா ஒளிக்கலை," என்றார். ஒப்புக்கொண்டார்! என் காதால் கேட்டேன். தள்ளி வைத்த பாதியை எடுத்துத் தின்றுவிட்டு, "ஆனா அப்புறம் ஏன் கிணத்துலன்னு சொன்னாரு?" என்றார்.



ஏப்ரல் 2

செருப்பில் ஒட்டியிருந்த களிமண்ணைப் பார்த்துவிட்டார். இந்த ஊரில் வேறெங்கும் அந்த நிறத்தில் களிமண் கிடையாது என்று இவருக்குத் தெரியாதா என்ன. ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியம் பண்ணிட்டு மீறினவதான் நான், ஆமா, திட்டு, திட்டித் தொலையேன், இப்படி ஊமையா உக்காந்தா நான் என்ன செய்ய.

ஏப்ரல் 5

மூன்றாம் நாள் காலை. ஒட்டகத்துக்கு மூக்குக்கயிறு முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "வடக்கேயா?"

தோஸிம்தான் சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரர் வாயில் எது நிற்கும்.

"வடக்கேதான்," என்றேன்.

"ஹ்ம்," என்றார்.

எனக்கு அது போதும்.

ஏப்ரல் 13

குன்றுமேல் ஏறி நின்று பார்த்தால் எல்லாம் பட்டவர்த்தனம். பிளவு ஓடுகிற கோட்டை மேலே நீட்டிக்கொண்டு போனால், அதன் மேலேயே ஊரின் ஐந்து கிணறுகளும் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. நிற்காமல் என்ன? அந்தக் களிமண்தான் பூமிக்கடியில் அணை. தண்ணீர் அதில் முட்டித் தேங்குகிறது. நம் ஆட்கள் அங்கே தோண்டினார்கள். ஊருக்கு ஐந்து கிணறு என்றே பெயர் வைத்தார்கள், பெஸ்குதுக். பிளவைப் பார்க்கத் தெரியாமலே பிளவின் மேல் குடியிருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்ட வேண்டும்.

கீறல் திசையைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. அதுதான் தொல்லை. வடக்கே ஒரே மணல். துலிப் பூத்திருக்கிறது, ஆமைகள் கிளம்பிவிட்டன, வெள்ளைக் கல் மட்டும் ஒரு துண்டுகூடக் கண்ணில் படவில்லை.

சப்பர்பெக் தூரத்தில் ஒட்டகம் மேய்க்கிறார். அந்தப் பக்கம் புல்லே கிடையாது. எதை மேய்க்கிறாரோ.

ஏப்ரல் 19

ஒன்றுமில்லை. வெயில் ஏறிவிட்டது. அக்போத்தா போன் செய்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். கல்லைப் பற்றிச் சொன்னேன். "நான் கல்யாணத்தைக் கேட்டேன்," என்றாள். ரெண்டும் ஒண்ணுதான்டி, புரியாது உனக்கு.

ஏப்ரல் 24

எங்கிருந்து ஆரம்பிக்க. மெதுவாக எழுது, கலம்பிர், மெதுவாக.

காலையில் சப்பர்பெக் குன்றின் வடக்குக் கோடியிலிருந்து கத்தினார். ஓடினேன். பெண் ஒட்டகத்தின் முன்னங்கால் முட்டிவரை தரைக்குள் போயிருந்தது. இரண்டு பேருமாக இழுத்து எடுத்தோம். நல்லவேளை, ஒடியவில்லை. அது போன குழியில் குச்சி தெரிந்தது. மணலை ஒதுக்கினேன். சக்ஸாவுல், பாலைவனத்து மரம், அதன் கட்டைகள். பாதி பிடுங்கின வேலி மாதிரி, மிஞ்சினவை ஒன்றுக்குள் ஒன்று செருகி, வட்டமாக.

"கிணறு," என்றார் சப்பர்பெக். "இங்க ஏது கிணறு?"

மண்வெட்டி கொண்டுவந்தோம். பக்கத்திலேயே கல் தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஆடு தண்ணீர் குடித்துக் குடித்து விளிம்பு தேய்ந்த தொட்டி. ஐந்து கிணறுகளின் வரிசையை விட்டுக் கொஞ்சம் கிழக்கே, அதாவது பிளவுக்கு அந்தப் பக்கம். கிணற்றைச் சுற்றி மேடு, தோண்டியபோது வாரிப் போட்ட கல்மேடு. மணலைத் தள்ளினால் உள்ளே எல்லாம் வெள்ளை. வெள்ளை! குவார்ட்ஸ், துருப் பொந்தோடு. தட்டினேன். பூண்டு.

மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள்தான். மலை தூக்கிக்கொண்டு வந்து வைத்த மிச்சம் இங்கே இருக்கிறது. எப்போதோ தண்ணீருக்காகத் தோண்டினவர்கள் இவள் தலைமேலேயே தோண்டியிருக்கிறார்கள். பைம்பெத் இந்த ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் இந்தத் தொட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பார், இந்த வெள்ளைக் கல்லை எடுத்து எறிந்து விளையாடியிருப்பார். சுரங்கத்தில் நரம்பு தொலைந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும், இதே கல்லை எங்கே பார்த்தோம் என்று.

"அப்ப ஊருக்கு அஞ்சு கிணறு இல்ல," என்றார் சப்பர்பெக், தொட்டியைத் தடவிக்கொண்டே. "ஆறு."

ஆறு.

ஆறு கிணறு. அல்த்தி குதுக். ஆறில் ஒன்று மூடிப்போனதால்தான் நாம் பெஸ்குதுக். அதற்கு முன்னால் இந்த ஊருக்கு என்ன பெயர் இருந்திருக்கும்? அல்த்திகுதுக். வேறென்ன இருக்க முடியும்?

தங்கம் எங்கே போச்சு?

அல்த்தி குதுக்தா. ஆறு கிணத்துல. சுரங்கத்துல இல்ல, கிணறுகள் இருக்கிற பக்கம்.

நான் வாய்விட்டுச் சொன்னேன். திரும்பச் சொன்னேன். அல்த்தி குதுக்தா. அல்த்தின் குதுக்தா. ஒரே ஒரு 'ன்'. ஆறுக்கும் தங்கத்துக்கும் நடுவில் நம் பாஷையில் இருப்பது அந்த ஒரு 'ன்' மட்டும்தானே. பல் கொட்டிப்போன வாய். ஊருக்குப் புதிதாக வந்த வாலிபன், ஊர்ப் பெயர் தெரியாதவன், தங்கத்தைப் பற்றிய கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு வேறென்ன கேட்கும்?

பைம்பெத் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு நிலவியல்காரன் சொல்ல வேண்டிய பதிலை அப்படியே சொன்னார். அவர்கள் கிணற்றுக்குள் இறங்கி, நரம்பின் மேலேயே நின்றுகொண்டு, மூட்டையைத் தேடினார்கள். உள்வேலியைப் பிடுங்கினார்கள். கிணறு சரிந்தது. கிணற்றோடும் அதைச் சொன்ன கிழவர்களோடும் பெயரும் போனது.

சப்பர்பெக்கிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு தொட்டியின் மேல் உட்கார்ந்தார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனால் உள்ளே எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

ஏப்ரல் 25

இரும்பு உரலில் கல்லை இடித்தேன். மாவானதும் மாவு பிசைகிற மரத்தட்டில் போட்டு, அரிசி அரிக்கிற மாதிரி தண்ணீரில் அரித்தேன். கறுப்பு ஒதுங்கிக்கொண்டே போனது, ஒதுங்கிக்கொண்டே போனது, கடைசியில் தட்டின் விளிம்பில் ஒரு மெல்லிய மஞ்சள் வால். கண் இமை நீளம்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா?" என்றார். 

ஏப்ரல் 27

தண்ணீர் லாரி வந்தது. தோஸிமைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். "உங்க தாத்தா பொய் சொல்லலை தம்பி. காதுல விழுந்ததைத்தான் சொன்னாரு. எங்க தாத்தாவும் திருடலை. ரெண்டு பேருமே..."

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"அஞ்சும் ஒண்ணும்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அவருக்கு அந்த வார்த்தை வரலைன்னு நாங்க சிரிச்சோம் அண்ணி. வராம இல்ல. சொல்லலை." கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. பொண்டாட்டி வீட்டுல ஊரோட பழைய பேரைச் சொல்லாமலா இருந்திருப்பாங்க. தெரிஞ்சிருக்கு. எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

லாரியில் ஏறிப் போய்விட்டார். குழாயை மூட மறந்துவிட்டார். தண்ணீர் வழிந்துகொண்டே போனது.

ஏப்ரல் 28

சப்பர்பெக்கிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தேன்.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சும் சாகுற வரைக்கும் வாயத் திறக்கலையா? எங்கப்பா திருடன் மகன்னு பேர் வாங்கிட்டே செத்தாரு. அந்தக் குல்முராத்தோட ஒரே தொட்டியில எங்கப்பா ஆட்டுக்குத் தண்ணி காட்டினாரு."

முன்னால் இருந்தது கோபம். இப்போது இருப்பது வேறு. சத்தமே இல்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லையே. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் ஆடினேன், ஊரெல்லாம் தலைகால் தெரியாம ஓடினேன். அக்போத்தாகிட்ட என்னன்னு சொல்லுவேன். மூடிக்கிடந்த கிணத்தை நான் ஏன் தோண்டினேன்.

மே 3

வெள்ளிக்கிழமை. கதவைத் தட்டும் சத்தம். ரைஹான். கையில் எண்ணெய் மணக்கும் ஏழு ஷெல்பெக் ரொட்டி, துணி போட்டு மூடி. செத்தவர்களுக்காகச் சுடுவது. அவளவள் வீட்டில் செத்தவர்களுக்கு அவளவள் சுடுவாள்.

"பைம்பெத் தாத்தாவுக்கு," என்றாள். "எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சுடலை."

சப்பர்பெக் வாங்கிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாங்கினேன். அவள் போன பிறகு ஒன்றை எடுத்துப் பிட்டார். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். தின்றார்.

மே 6

தாஷ்கெண்டில் என்னோடு படித்த ரிம்மா நகரத்து ஆய்வகத்திலிருந்து பேசினாள். நான் அனுப்பிய கல்லைப் பார்த்தாளாம். "தங்கம் இருக்குடி, சந்தேகமே இல்ல. ஆனா உன் நரம்பு ரொம்ப ஒல்லி. எந்தக் கம்பெனியும் எட்டிப் பாக்காது."

ஒரு இயந்திரமும் வராது, ஒரு லாரியும் வராது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

மே 14

இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி ஊர்க்கோடியில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சப்பர்பெக் போய்ப் பார்த்திருக்கிறார். தோஸிம் தனியாக ஆறாவது கிணற்றுக்குள் இறங்கி மணலை வாளியில் நிரப்பி, மேலே ஏறி வந்து, இழுத்துக் கொட்டி, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தாராம்.

"கயிறு இத்துப்போன கயிறு," என்றார் சப்பர்பெக், சாப்பிடும்போது. "முட்டாப்பய. அறுந்திருந்தா?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது. நான் மேல நின்னு இழுத்தேன்."

"ஏதாவது பேசினீங்களா?"

"வாளி வருதுன்னு சொன்னான். சரின்னு சொன்னேன்."

நான் எழுந்துபோய் அடுப்படியில் நின்று என் வாயை நானே பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

மே 15

இன்றும் போனார். புதுக் கயிறு எடுத்துக்கொண்டு.

மே 21

அடியில் ஈரம் தட்டிவிட்டது! தோஸிம் கீழேயிருந்து ஒரு பிடி சேற்றை மேலே எறிய, அது சப்பர்பெக் தொப்பிமேல் விழுந்தது. "உங்க வீட்டுல நேராவே எறியத் தெரியாதா?" என்று இவர் கத்தினார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இவர்கள் இரண்டு பேரும் சாதாரணமாகத் திட்டிக்கொள்கிறார்கள். கேட்கக் காது குளிர்ந்தது.

புது உள்வேலிக்குச் சக்ஸாவுல் கட்டை வெட்டியாகிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் வேலி போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன், நரம்பு தெரிகிற இடம். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இனிமேல் படத்தில் எதற்கு?

ஜூன் 7

சுரங்கத்து வாயை அடைத்துவிட்டார்கள். கலவை இயந்திரம் அரை நாள் உறுமியது, முடிந்தது. சப்பர்பெக் என்னோடு வந்து நின்றார். ஒரு தடவைகூட அதற்குள் போகாதவர். அடைத்த பிறகு கிட்டப் போய் ஈரக் கான்கிரீட்டின் ஓரத்தில் விரலால் ஏதோ எழுதினார். போய்ப் பார்த்தேன். தாத்தாவின் பெயர். கல்லறைக்கல்லில் எழுதுகிற மாதிரி, தாத்தாவுடைய அப்பா பெயரும் சேர்த்து.

ஜூன் 22

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இன்றைக்குச் சுருக்கமாகத்தான் எழுத முடியும், கால் வீங்கிவிட்டது.

ரைஹான் அக்போத்தாவின் காதில் நிச்சயத் தோடு போட்டாள். பெக்சாத் நெட்டையாக, கூச்சமாக நின்றான். நன்றாகத்தான் இருக்கிறான் பையன். ஈரலும் வால்கொழுப்பும் தட்டில் வந்ததும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும். சப்பர்பெக் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து தோஸிம் வாயில் திணித்தார். அவருக்கு மூச்சு முட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஊட்டியாயிற்று, இனி இரண்டு வீடும் ஒன்று, யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கு முன்னால் நடந்ததை.

அவர்கள் லாரியில் ஆடு கொண்டுவந்தார்கள். பெண் வீட்டுக்கு ஒன்பது கொண்டுவருவதுதான் முறை. சப்பர்பெக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோஸிம் ஒவ்வொன்றாக இறக்கி, அதன் முதுகைத் தட்டி, சத்தமாக எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

லாரியில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரைஹான் தலையைக் குனிந்துகொண்டாள். பெக்சாத் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்பது இல்லையா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"இல்ல," என்றார் தோஸிம். சப்பர்பெக்கைத்தான் பார்த்தார். "ஆறு, அண்ணே."

 சப்பர்பெக் போய் அந்த ஆட்டைத் தானே இறக்கிக்கொண்டார்.